கட்டுக்குள் கழுகு

வத்தேகம பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவன் மணிக்கட்டில் தடிப்பான துணிக்கட்டு.

"கழுகு டெட்டூ குத்துனா என்னமோ அர்த்தம்னீங்களே?"

"யாருக்கும் பயப்படாதவன்னு அர்த்தம்."

"அப்ப ஏங்க ஒரு மாசமா சுளுக்குன்னு சொல்லி அத மூடி வச்சிருக்கீங்க?"

"அம்மா பார்த்தா சும்மா விடுவாங்களா?"

"எனக்குன்னு வந்து சேர்ந்தீங்களே! உங்களுக்காகப் பொய் சொல்லியே எனக்கு அலுத்துப் போச்சு. இப்ப பாருங்க, சுளுக்கு வைத்தியர்கிட்டயே கூட்டிட்டுப் போறாங்க."

டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவனுடைய அம்மா திரும்பினார். மடியில் எண்ணெய்ப் போத்தல்.

"தம்பி, அடுத்த ஹோல்ட்ல இறங்கணும். அந்தக் கட்ட இப்பவே அவுத்து வையி."

அவன் மனைவியின் காதருகே குனிந்தான்.

"நீயே அம்மாகிட்ட சொல்லிடேன்."