ஒன்று குறையவில்லை, ஒன்று கூடியிருந்தது

இன்று திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் துணை ஆய்வாளர் முன்னிலையில் நான் சொல்ல, நிலைய எழுத்தர் எழுதிய வாக்குமூலம்.

என் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்தர் எழுதிக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது; கணக்கு சிஸ்டர் என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். வயது அறுபத்தொன்று. விலாசம் தண்ணீர்த்தொட்டித் தெரு, பழைய அச்சகக் கட்டடம், இரண்டாவது மாடி, பச்சைக் கதவு. அரசு மருத்துவமனையின் அறுவை அரங்கில் முப்பத்திரண்டு வருடம் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றேன். வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் கத்தரி, இடுக்கி, துடைக்கும் துணி எல்லாவற்றையும் எண்ணி எழுதி வைப்பதும், மூடுவதற்கு முன்னால் மறுபடி எண்ணிச் சரிபார்ப்பதும் என் வேலை. எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் தையல் போட விடமாட்டேன். பட்டப்பெயர் அப்படி வந்தது. இந்த வழக்குக்கு அது தேவைப்படுவதால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கிராபிக்ஸ் கார்டு என்ற பாகத்தைத் திருகாணி திருடிவிட்டதாக என் கணவரின் தம்பி இன்று காலை புகார் கொடுத்திருக்கிறார். அதன் பேரில் திருகாணி பதினொன்றரை மணியிலிருந்து இந்த நிலையத்தின் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறார். திருகாணி என்பதும் பட்டப்பெயர்தான். அவர் சின்ன நகல் கடை ஒன்றை வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டரும் பழுது பார்ப்பவர், சட்டைப்பையில் எப்போதும் நாலு திருகாணி கிடக்கும். பிறர் வீட்டுக்குள் போய் வேலை பார்க்கிறவர்மேல் திருட்டு என்ற பேச்சு ஒருமுறை விழுந்துவிட்டால் அதன் பிறகு யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். அதனால்தான் சாப்பிடக்கூட உட்காராமல் வந்தேன்.

என் கணவர் முப்பது வருடம் தொலைதூர லாரி ஓட்டியவர். இடது கைக்காரர். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அந்த இடது கையே விழுந்துவிட்டது. பேச்சும் நடையும் திரும்பின, கை திரும்பவில்லை. ஓய்வூதியப் படிவத்தில்கூட அலுவலர் மைப்பெட்டியை நீட்ட, கைரேகைதான் வைத்தார். வெளியே வந்து பேருந்து ஏறும்வரை அந்த விரலைச் சட்டையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு மருத்துவமனையில் உடற்பயிற்சி கொடுக்கும் பெண், பந்தைப் பிசைவது அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் கார் ஓட்டும் வீடியோ கேம் ஏதாவது கொடுங்கள், இரண்டு கையும் வேலை செய்யும் என்றார். எங்கள் மகள் படித்த காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று கூடத்தில் இருந்தது. ஆல் இன் ஒன் என்று சொல்வார்கள். கீழே தனிப்பெட்டி கிடையாது, திரையின் முதுகிலேயே மொத்தமும் அடங்கியிருக்கும். இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் மகள், இந்த வருடம் வந்த லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை அதில் ஏற்றிக் கொடுத்தாள். மேசையில் பொருத்துகிற ஸ்டியரிங்கை என் கொழுந்தனார் வாங்கிவந்தார். அவர் அண்ணன்மேல் உயிரையே வைத்திருப்பவர் என்பதை இங்கே எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு என் கணவர் தினமும் காலையில் குளித்து, பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த மேசைமுன் உட்கார்ந்தார். முதல் வாரம் முடிவதற்குள் முகம் வாடிவிட்டது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரையில் லாரி சற்று நேரம் கழித்துத்தான் திரும்பியது, அதற்குள் பாலத்துச் சுவரில் போய் இடித்தது. படம் நின்று நின்று வந்தது. திரையின் முதுகு இஸ்திரிப் பெட்டிபோலக் கொதித்தது. பத்தாவது நாள் அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “என் கைதான் லேட்டா போகுது. இனிமே இது வேண்டாம்” என்றார். மறுநாள் காக்கிச் சட்டை போடவில்லை. பயிற்சியும் நின்றது. அன்று நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதன் பிறகு சென்ற மாதம் நான்காம் தேதி காலை பத்தரை மணிக்குத் திருகாணியை வரச்சொன்னேன். அவர் எதையும் திறக்காமல் முதலில் என் கணவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஓட்டிக் காட்டச் சொன்னார். என் கணவர் வேண்டாவெறுப்பாக இரண்டு வளைவு ஓட்டினார். திருகாணி திரையைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தான் வாங்கி ஓட்டி, அதே சுவரில் அதே இடத்தில் இடித்துவிட்டு, “பாருங்கண்ணே, எனக்கும்தான் இடிக்குது. உங்க கை சரியான நேரத்துக்குத்தான் திரும்புது. மிஷின்தான் லேட்டு” என்றார். என் கணவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை எத்தனையோ டாக்டர்கள் எத்தனையோ சொன்னார்கள், இப்படி யாரும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் துணை ஆய்வாளர் குறுக்கிட்டு, அந்த மாதிரிக் கம்ப்யூட்டரில் புது விளையாட்டு ஓடுமா ஓடாதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். தன் வீட்டிலும் அதேதான் இருக்கிறது, பிள்ளைகள் உயிரை எடுக்கிறார்கள் என்றும் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்றார், எழுத்தர் அதற்குள் எழுதிவிட்டார். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. திருகாணி எங்களிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “பெரிய மிஷின்ல படம் வரையறதுக்குன்னே தனியா ஒரு ஆள் இருப்பான், அவன்தான் கிராபிக்ஸ் கார்டு. இதுல அந்த ஆளே கிடையாது சிஸ்டர். கணக்குப் போடறவனே படமும் வரையணும். உள்ள காத்துப் போகவும் இடம் இல்ல. புதுசா வர்ற பெரிய விளையாட்டுங்க ஓடாது. இந்த மாதிரி சிலது ஓடும், ஆனா நாம கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்.” கார்டு கிடையாது என்று பத்தாம் கிளாஸ் பையனுக்குச் சொல்வதுபோல அன்றைக்கே சொல்லிவிட்டவர்தான் இப்போது கார்டைத் திருடியவராக உட்கார்ந்திருக்கிறார்.

அதன் பிறகு அவர் திரைப் படத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகக் குறைத்தார். நிழலை எடுக்கலாமா என்று கேட்டார், என் கணவர் எடு என்றார். புல்லை எடுக்கலாமா, எடு. தூரத்து மலை மங்கலாகத் தெரியலாமா, தெரியட்டும். லாரியின் பக்கத்துக் கண்ணாடியை நிறுத்தலாமா, அதில் பின்பக்க ரோட்டை இன்னொரு தரம் வரைய வேண்டியிருப்பதால் பாரம் அதிகம் என்று கேட்டபோது மட்டும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எத வேணா எடு தம்பி. கண்ணாடி இல்லாம வண்டிய எடுக்கமாட்டேன்” என்று ஒரே பிடியாக நின்றார். திருகாணி சரி என்று சொல்லிவிட்டு யோசித்துக்கொண்டே கிளம்பிப் போய், அரைமணி நேரத்தில் பையோடு திரும்பிவந்தார்.

அதன் பிறகு, தூசு எடுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையில் குப்புறப் படுக்கவைத்தார். என் கணவர் உள்ளறையில் படுத்திருந்தார். நான் வெள்ளைத் துண்டை விரித்து, எது கழன்றாலும் இதில்தான் வைக்க வேண்டும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் வைத்தார். மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில் நான் எழுதியது இது. முதுகு மூடித் திருகாணி பதினொன்று, காற்றாடி ஒன்று, ரேம் என்று அவர் சொன்ன விரல் நீளப் பட்டி ஒன்று, ஓரத்தில் தகரக் கூடு ஒன்று, அது காலி. கூடு ஏன் காலி என்று கேட்டதற்கு, இன்னொரு டிஸ்க் வேண்டும் என்கிறவர்களுக்காகக் கம்பெனியே விட்ட இடம் என்றார். நேரம் பதினொன்று ஐம்பது என்றும் குறித்திருக்கிறேன். அந்த ரசீதை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

அதன் பிறகு அவர் தூசைத் துடைத்து, காற்றாடியைக் கழுவிக் காயவைத்துப் பூட்டி, மூடியை எடுத்தார். மூடுவதற்கு முன்னால் எண்ண வேண்டும் என்று தடுத்தேன். திருகாணி பதினொன்றும் இருந்தன. கூடு காலியாகவே இருந்தது. பட்டி இரண்டு இருந்தது. என் வேலைக்காலத்தில் ஒன்று குறைந்து பதறியிருக்கிறேன், ஒன்று கூடிப் பார்த்ததில்லை. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “கடையில சும்மா கெடந்துச்சு சிஸ்டர். இது இருந்தா கண்ணாடியும் ஓடும். அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, பாவம்னு போட்டேன்னு நெனச்சுக்குவார்” என்றார். நானும் சொல்லவில்லை. தூசு எடுத்த கூலிக்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு அன்று மாலை நாலு மணிக்கு என் கணவர் பாலத்தைத் தாண்டினார். நிழலும் கிடையாது, புல்லும் கிடையாது, ரோடு மொட்டையாகத்தான் இருந்தது. ஆனால் திருப்பினால் திரும்பியது. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். மறுநாள் காக்கிச் சட்டையை அவரே தேடி எடுத்தார். அன்றிலிருந்து ஒரு நாள்கூட விடவில்லை. மூன்றாவது வாரம் இடது கையால் தண்ணீர் டம்ளரைத் தூக்கினார். இதற்கு நான் திருகாணிக்கு என்ன செய்தாலும் ஈடாகாது.

போன வாரம் ஒரு சான்றிதழுக்கு நகல் எடுக்கத் திருகாணியின் கடைக்குப் போனேன். அவருடைய லேப்டாப் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் நான் கடையில் இருந்த நாட்காட்டி, விளம்பரம் எல்லாவற்றையும் படித்து முடித்தேன். என்ன ஆயிற்று என்றால், வயசாயிருச்சு சிஸ்டர் என்றார். அந்தப் பட்டி எங்கே சும்மா கிடந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு இன்று காலை நானும் கணவரும் மருத்துவமனைக்குப் போயிருந்த நேரத்தில், எங்கள் மாற்றுச் சாவி வைத்திருக்கும் கொழுந்தனார், அண்ணனுக்குத் திடீர் மகிழ்ச்சி கொடுக்கலாம் என்று இன்னும் பெரிய விளையாட்டு ஒன்றை ஏற்றப் பார்த்திருக்கிறார். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓடாது என்று திரையில் வந்திருக்கிறது. அவர் இன்சூரன்ஸ் வேலை பார்ப்பவர், எல்லா உரிமைக்கோரிக்கையையும் சந்தேகப்பட்டே பழகியவர். முதுகைத் தானே திறந்து, காலிக் கூட்டைப் பார்த்து, கார்டு இருந்த இடம் இதுதான் என்று முடிவு கட்டி, கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி நேராக இங்கே தூக்கிவந்துவிட்டார். நாங்கள் வீடு திரும்பியபோது மேசையில் ஸ்டியரிங் மட்டும் இருந்தது. அவர் போனில், “அண்ணி, திருடன புடிச்சாச்சு, நீங்க கவலப்படாதீங்க” என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ரசீதைக் காட்டியிருப்பேன்.

துணை ஆய்வாளர் இப்போது என் முன்னிலையில் மூடியைத் திறந்து, ரசீதை வைத்துக்கொண்டு தானே எண்ணினார். திருகாணி பத்து. ஒன்று குறைகிறது, அது கொழுந்தனாரின் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. காற்றாடி ஒன்று. கூடு ஒன்று, காலி. பட்டி இரண்டு. கொழுந்தனார் எழுந்துபோய்த் திருகாணி பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை.

கூடுதலாக உள்ள பட்டி திருகாணியுடையது. அதை வழக்கில் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் அது என் வீட்டில் இருந்ததால் என் பெயரில் எழுதிக்கொள்ளலாம். சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கை அவரைக் காப்பாற்றுவதற்காக மீறினேன். இதெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்த என் கணவர் காதிலும் விழுந்தது. அவர், “எனக்கு அன்னிக்கே தெரியும். இஞ்சின் மாறுனா டிரைவருக்குத் தெரியாதா? அவனே சொல்லட்டும்னு இருந்தேன்” என்றார். பெஞ்சில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கண்டதையும் எண்ணியதையும் மட்டுமே சொல்லியிருக்கிறேன். எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். இதில் எடுக்கவும் சேர்க்கவும் ஏதும் இல்லை என்று உறுதி சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)

சாட்சி: வாக்குமூலம் கொடுத்தவரின் கணவர். எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அதை மூடிவைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். கையெழுத்துப் போட நாலு நிமிடம் ஆனது. 

(கையொப்பம், இடது கையால்)