காசு வாங்கிய கோல்கீப்பர்

கொச்சியில், மட்டாஞ்சேரியிலிருந்து வைட்டிலா போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் பெயின்ட் கறை படிந்த இரண்டு பேர். ஒருவனுக்கு மேலுதட்டில் மையால் வரைந்த மீசை.

"எவ்வளவு முயற்சி பண்ணியும் என்னால ஒரு கோல் விட முடியலடா," என்றான் மீசைக்காரன்.

"ஷூட்டிங்லயா?"

"ஆமா. வெள்ளைக்காரன் காலத்து ஃபுட்பால் மேட்ச்ல நடந்த கள்ளத்தனம்தான் கதை. நான் லஞ்சம் வாங்கின கோல்கீப்பர். வர்ற பந்தை விட்டுடணும், அவ்வளவுதான் வேலை. ஆறு டேக் எடுத்தாங்க, ஆறையும் பிடிச்சுட்டேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"டைரக்டர் சேட்டன் என்ன சொன்னாரு?"

"தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. அப்புறம் வேற ஆளை நிறுத்திட்டாங்க."

நண்பன் அவன் பக்கம் திரும்பினான்.

"ஞாயித்துக்கிழமை நம்ம மேட்ச்ல இடக்கொச்சிக்காரங்களுக்கு அஞ்சு கோல் விட்டியே. அது எந்தப் படத்துக்கு?"