டவர் இல்லாத வூடு

இந்த வருசம் மல்லாட்டைக்கு இன்னா வந்துச்சோ, ஒடைக்க ஒடைக்க உள்ள கடலையே இல்ல, வெரலுதான் தேயுது... நீ ஒடைக்காத பபிதா, சும்மா குந்து. பக்கத்து வூட்டு பீகார்காரிகிட்ட வேல வாங்குறேன்னு எங்க மாமியா பேச ஆரம்பிச்சிடும். அய்ய, தலையாட்டுற! இன்னா புரிஞ்சிது உனக்கு? ஒண்ணும் புரியாது. அதனாலதான் உங்கிட்ட இவ்ளோ பேசறேன். தமிழ் தெரிஞ்சவங்ககிட்ட எனக்கு வாயே வராது. கட்டுன புருசங்கிட்டயே வரலியே!

எங்க அம்மா வூடு மேல மலையில, கரியாலூர் தாண்டி. அங்க டவர்னா ஒரு பாற. "உங்கப்பா எங்க?"ன்னா, "டவருக்குப் போயிருக்காரு"ம்பாங்க. அது மேல ஏறுனாத்தான் போன் பேச முடியும். கல்யாணத்துக்கு மின்ன அங்க குந்திக்கினு அவருகிட்ட இன்னா பேச்சு பேசுனேன்ற! ஆடுங்க மட்டுந்தான் கேக்கும்.

இங்க கச்சிராயபாளையத்துல டவர் வூட்டுக்குள்ளயே வருது. இன்னா பிரயோஜனம்? போர்வெல் லாரியில ஆந்திராவுக்குப் போன மனுசன் போன் பண்ணி "சாப்ட்டியா"ன்னாலே, அத்த டிவி சத்தத்தக் கம்மி பண்ணுது. வெளிய எடுத்துக்கினு போனா, "அப்டி இன்னா ரகசியம்?"னு கேக்குது. ஒடனே அவருகிட்ட "டவர் இல்லீங்க"ன்னு கட் பண்ணிடுவேன். தெனமும் டவர் இல்ல! அஞ்சாவது படிச்சவளுக்கு பொய் சொல்ல அந்த ஒரு இங்கிலீஷு போதும்.

சிரிக்காத! நீ மட்டும் இன்னா? நேத்து உம் மாமியா பீகார்லருந்து கூப்ட்டப்ப, "டாவர் நஹி, டாவர் நஹி"ன்னு வச்சிட்ட. எட்டிப் பாத்தேன், உம் போனுல நாலு கோடும் நிமுந்து நிக்குது! தண்ணிக்கு உங்க ஊர்ல வேற பேரு, சோத்துக்கு வேற பேரு. இந்த டவருன்ற பேரு மட்டும் அங்கயும் போயிருக்குது பாரேன், பொய்யயும் சேத்துக் கூட்டிக்கினு!

ஆனா எம் புருசன் நம்பிட்டாருடி. சங்கராபுரத்துல அவுங்க அக்கா வூட்டுக்கு எதுருலயே டவர் நிக்குதாம். நாளைக்கு டெம்போ எடுத்துக்கினு வராராம், என்னையும் கொழந்தையையும் அங்க குடி வைக்க. ஒரு மாமியாளுக்கே வாய் தெறக்காதவ நானு... அங்க நாத்தனா, அவ புருசன், அவ மாமனாருன்னு ஒரு கூட்டமே குந்திக்கினு கேக்கும்! உண்மையச் சொல்லிடலாம்னா, அதையும் அத்த எதுர்லதான சொல்லணும்?

இரு... தோ வரேன் அத்தே! அவரா? குடுங்க... நீங்க எழுந்திரிக்காதீங்க அத்தே, இங்கயே இருங்க... ஏங்க, கேக்குதுங்களா? டெம்போ வாணாங்க. டவர் நல்லாத்தாங்க இருக்குது, எனக்குத்தான் வாய் வரல...