பழுது பார்த்தவர் பெயர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தொழிலாளர் நல மன்றத் தலைவர் திரு. தேவன் அவர்களே, எங்கள் தொழிற்சாலை மேலாளர் திரு. ஜைனுலாப்தீன் அவர்களே, மனைவியைப் பறிகொடுத்து முன் வரிசையில் அமர்ந்திருக்கும் சதாசிவம் அண்ணன் அவர்களே, ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் இந்தச் சுங்கை சிப்புட் மண்டபத்துக்கு வந்திருக்கும் என் சக தொழிலாளர்களே! சுகுமாரனின் கனத்த வணக்கம். எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். விமலா அக்காவைப் பற்றிச் சொல்ல அது போதாது. நான் செய்த காரியத்தைச் சொல்ல அது தாராளம்.

பதினாறு நாளுக்கு முன்னால் நம்மை விட்டுப் போன திருமதி விமலா சதாசிவம் யார்? எங்கள் கணினிச் சில்லுத் தொழிற்சாலையின் பயிற்சி அதிகாரி. அது நிர்வாகம் கொடுத்த பதவி. நாங்கள் கொடுத்த பட்டம் வேறு. பேப்பர் அக்கா! கேன்டீனில் மீ கோரெங் தட்டோடு உட்கார்ந்தால் போதும், பக்கத்தில் வந்து ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டுவார். "சாப்புட்டுக்கிட்டே எழுதுலா, கை ரெண்டு இருக்குல்ல?" என்பார். அவர் தலையைக் கண்டதும் கழிவறைக்குள் போய் ஒளிந்தவன் நான். பொய் இல்லை!

ஏன் இந்தப் பேப்பர் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவருடைய அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் விலைபோனபோது, இவர்களுக்கு இன்ன வேலை தெரியும் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்தார்கள். "தெரிஞ்ச வேலைக்குப் பேப்பர் இல்லன்னா, ஒன்னும் தெரியாதவன்னு எழுதிருவானுங்க சுகு" என்றார். லகாட்டில் இருக்கும் நம் ஆபரேட்டர் தினேஸ்வரியின் பிறப்புப் பத்திரம் தொலைந்தபோது, சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொண்ட தன் கை வீங்கியிருக்க, மூன்று தடவை அலுவலகத்துக்கு அலைந்து வாங்கிக் கொடுத்தார். பெற்ற பிள்ளைக்குச் செய்வோமா அப்படி?

தினமும் செய்தியில் கேட்கிறோம். நாட்டில் தொழில்நுட்பத் துறை வளர்கிறதாம்! டெக்னீசியன் வேண்டுமாம், எஞ்சினியர் வேண்டுமாம், ஆள்தான் கிடைக்கவில்லையாம்! ஆள் கிடைக்கவில்லையா? எங்கே தேடினார்கள்? எங்கள் இரண்டாம் மாடியில் தேடினார்களா? அங்கே தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புக்குள் கண் மட்டும் தெரிய எத்தனை பெண்கள்! ஆபரேட்டராகச் சேர்ந்து ஆபரேட்டராகவே நரைத்துப் போனவர்கள். எங்கள் டெக்னீசியன் பட்டியலில் ஒரு பெண் கிடையாது. ஆனால் வாசலில் ஆளுயரத்துக்குப் படம் வைத்திருக்கிறோம். எல்லா இனமும் ஒரே குடும்பமாம், ஆணும் பெண்ணும் சமமாம். அந்தப் படத்தில் ஸ்குரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது யார்? நம் ஷாமினி! படம் எடுத்து முடித்ததும் அவள் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆபரேட்டர் அதைத் தொடக்கூடாது, அது விதி. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். விமலா அக்கா சிரிக்கவில்லை.

விதி அப்படி. வேலை எப்படி நடந்தது? முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் மெஷின் நின்றுவிட்டால், டெக்னீசியன் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும். உற்பத்தி விழும். திட்டு யாருக்கு? ஆபரேட்டருக்கு! அதனால் ஆபரேட்டர் பாப்பாக்கா மூடியைத் திறந்துவிடுவார். இருபத்தெட்டு வருஷம் அந்த மெஷின் பக்கத்திலேயே நின்றவர். சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்வார். ஆறு நிமிடத்தில் ஓடவிடுவார். பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் அந்தக் கை வந்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு டெக்னீசியனான நான் ஆடி அசைந்து போவேன். போய், பழுதுப் புத்தகத்தில் 'பழுது பார்த்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதுவேன். ஏன்? பாப்பாக்கா பெயரை எழுதினால் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். காப்பாற்றத்தான் எழுதினேன்! அந்தப் பெண்களும் "ஒங்க பேரையே போட்டுருங்கண்ணே" என்றுதான் சொன்னார்கள்.

முதலில் காப்பாற்ற எழுதினேன். அப்புறம் பழகிப் போய்விட்டது. அப்புறம் இனித்தது! சிறந்த டெக்னீசியன் என்று மூன்று கேடயம் கொடுத்தார்கள். மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். அந்தக் கேடயங்களை என் மகள் வாராவாரம் துடைத்து வைக்கிறாள். அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் விஷயம் தெரியாது.

இந்த வருஷம் புது தானியங்கி மெஷின்கள் வருகின்றன. சான்றிதழ் இருந்தால் டெக்னீசியன் ஆகலாம். இல்லாவிட்டால் பெட்டி கட்டும் பிரிவுக்குப் போகலாம், அல்லது வீட்டுக்கு. வருஷக்கணக்காகச் செய்த வேலையை ஆதாரத்தோடு நிரூபித்தால், அந்த அனுபவத்துக்கே திறன் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது என்று விமலா அக்கா தேடிப் பிடித்தார். ஒன்பது பெண்களின் பெயரை எழுதினார். ஆதாரத்துக்காகப் பழுதுப் புத்தகங்களைப் புரட்டினார். என்ன இருந்தது? ஒன்பது பேரும் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாதவர்கள்! பக்கத்துக்குப் பக்கம் சுகுமாரன், சுகுமாரன், சுகுமாரன்!

நேராக என்னிடம் வந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. "நடந்தத நடந்த மாரியே ஒரு கடுதாசி எழுதிக் குடு சுகு. எந்த மெஷின், யாரு சரி பண்ணா, அவ்ளோதான்லா" என்றார். நான் என்ன சொன்னேன்? "அடுத்த வாரம் பாப்போம்க்கா." அடுத்த வாரமும் அதையே சொன்னேன். ஆறு வாரம், அன்பர்களே, ஆறு வாரம்! டயாலிசிஸ் நாற்காலியில் படுத்துக்கொண்டு போன் செய்வார். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. பதவி போய்விடுமே என்ற பயம். வேறு ஒரு மண்ணும் இல்லை.

கடைசியாகப் பேசியபோது, "பயமா இருக்கா சுகு? எனக்கும்தான் இருக்கு. நான் போய்ட்டா இதுங்களுக்கு யாரு அலைவா?" என்று கேட்டார். "சும்மா இருங்கக்கா, ஒங்களுக்கு ஒன்னும் ஆவாது" என்று பேச்சை மாற்றினேன். நாலாம் நாள் போய்விட்டார். சதாசிவம் அண்ணே, அவர் கேட்டது ஒரே ஒரு கடிதம். அதைக்கூடக் கொடுக்காமல்தான் உங்கள் வீட்டுக்கு மாலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்னொன்றும் நடந்துவிட்டது. காத்திருந்து காத்திருந்து மனசு விட்டுப்போன பாப்பாக்கா, வேலையிலிருந்து விலகிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போது ஈப்போவில் ஒரு பேரங்காடியில் தரை துடைக்கிறார். அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என் வாயால் இப்போதுதான் இதைச் சொல்கிறேன், அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விமலா அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் சூளுரைத்தார்கள். நல்லது. நான் அதைச் சொல்வதற்கு முன்னால், குறுக்கே போட்ட காலை எடுக்க வேண்டும். மேலாளர் அவர்களே, இதோ கடிதம். நான்கு பக்கம். எனக்கு நினைவிருக்கும் ஒவ்வொரு பழுதுக்கும், உண்மையாகப் பார்த்தவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பொய் எழுதியதற்கு என் மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள், வாய் திறக்க மாட்டேன். ஆனால் மெஷினைத் தொட்டார்கள் என்று அந்தப் பெண்கள் மேல் கை வைத்தால் சும்மா இருக்க மாட்டேன். சரக்கு நேரத்துக்குப் போனது அவர்களால்தான்!

சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் கெடு வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது. புதன்கிழமை லீவு போட்டிருக்கிறேன். எட்டுப் பேரையும் மனுக் கொடுக்க நானே கூட்டிக்கொண்டு போகிறேன். எட்டு இல்லை, ஒன்பது. பாப்பாக்கா, நீங்கள் வேலையை விட்டாலும் செய்த வேலை உங்களுடையதுதான், நீங்களும் மனுப் போடலாம், விசாரித்துவிட்டேன். உங்கள் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

என்னக்கா? எழுந்து நிற்கிறீர்களே? சத்தமாகச் சொல்லுங்கள். தம்பி, அவருக்கு மைக்கைக் கொடுங்கள்... வேண்டாமா?

"இத அந்தப் புள்ள உசுரோட இருக்கையில குடுத்திருக்கலாம்ல தம்பி?" என்று கேட்கிறார். பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்டிருக்கும்.

குடுத்திருக்கலாம்க்கா. நான் குடுக்கல. புதன்கெழமை காலையில எட்டு மணிக்கு ஒங்க வீட்டு வாசல்ல காடிய ஓட்டிக்கிட்டு வந்து நிப்பேன். வாரதும் வராததும் ஒங்க இஷ்டம்.