கவிழ்த்து வைத்த மெஷின்கள்

இந்த அறை மின்விசிறி ரொம்பத்தான் இரைகிறது சார். இரைச்சலைக் குறைப்பதுதான் எங்கள் பிழைப்பு, அதனால் எங்கே போனாலும் அதுதான் முதலில் காதில் விழும். விசாரணையைத் தொடருங்கள். ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

தூங்கினால் மூச்சு நின்றுபோகிறவர்களுக்கான மெஷின் எங்களுடையது. முகமூடிக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மோட்டார் சத்தம் கேட்காமலிருக்க, மேல்மூடியின் உள்பக்கம் ஒரு பஞ்சுத் தகடு ஒட்டியிருப்போம். பழைய பஞ்சு நாளடைவில் கருப்புத் தூளாக உதிர்ந்து, காற்றோடு நெஞ்சுக்குள் போனது. சுத்தமான விஷம். எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தது என் அக்கா.

"ஏண்டி, நான் தூங்குறேனா, இல்ல ராவெல்லாம் அடுப்பு ஊதுறேனா?" என்று சிரித்துக்கொண்டே கைக்குட்டையை நீட்டினாள். மூக்குச் சிந்தியது கரிக் கரியாக இருந்தது. அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். மெஷினை மாட்டினால் விஷம், மாட்டாவிட்டால் மூச்சு இல்லை.

மாற்றுப் பஞ்சுக்காக நாயாய் அலைந்தேன். கடைசியில் சிலிகான் பஞ்சு கிடைத்தது. உதிராது, விஷம் கிடையாது, தங்கமான சரக்கு. கனம்தான் கொஞ்சம் அதிகம். சூட்டறையில் வைத்துச் சோதித்தபோது பசை விட்டுப்போய், பஞ்சு கழன்று விழுந்து காற்று வரும் வழியை அடைத்துக்கொண்டது.

எங்கள் மேனேஜருக்குப் 'பெருமூச்சு' என்று பட்டப்பெயர். மூச்சு மெஷின் கம்பெனிக்கு வாய்த்த மனுஷன். "வேற பசை வரணும்னா அடுத்த வருஷம்தாம்மா. டெஸ்ட் பாஸ் ஆகாம ஒரு மெஷின் வெளிய போகாது. உங்க அக்காவோடதும்தான்" என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

அடுத்த வருஷம் வரைக்கும் அவள் தாங்குவாளா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

சோதனைப் பிரிவு என் பொறுப்பு. மறுமுறை மெஷின்களைச் சூட்டறையில் கவிழ்த்து வைத்தேன். அவ்வளவுதான். கவிழ்த்தால் மூடி கீழே வந்துவிடும், பசையே இல்லாவிட்டாலும் பஞ்சு அதன்மேல் சாதுவாகப் படுத்துக் கிடக்கும். அத்தனையும் பாஸ். எப்படி வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மெஷின்கள் வீடு வீடாகப் போயின.

அக்காவுக்கு வந்த புது மெஷினை மட்டும் வீட்டில் பிரித்து, பஞ்சு கழலாமல் இரண்டு கிளிப் போட்டேன்.

"அப்ப விழும்னு உனக்குத் தெரியும். எல்லாத்துக்கும் அந்தக் கிளிப்பப் போட்டிருக்கலாமே?" என்று கேட்டீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் கிளிப் எதற்கு என்று பெருமூச்சு கேட்பார், சோதனை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், அக்கா அதுவரை தூளை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். விழாமல் நின்றவையும் நிறைய இருக்கின்றன. அதை யாரும் பேசுவதில்லை.

செத்துப் போனவர்களைப் பற்றி எனக்கும் வருத்தம்தான். அந்த பஸ் டிரைவர், தையற்கடைக்காரரின் மனைவி, இன்னும் நீங்கள் போட்டோ காட்டியவர்கள். பஞ்சு காற்றை அடைத்தபோது மெஷினின் இரைச்சல் இன்னும் குறைந்துதான் இருக்கும், பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்காது. அறுத்துப் பார்த்தீர்களே, யார் நெஞ்சிலாவது புதிதாகத் தூள் இருந்ததா? பஞ்சின்மேல் குறை சொல்ல முடியாது.

சரி, நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பதிலுக்கு ஒரே ஒரு உதவி, காலில் விழுந்து கேட்கிறேன். உங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அக்கா மெஷினைத் தொடவில்லை. "உன் கை பட்டது எதுவும் எனக்கு வேணாம்டி" என்று ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நாற்காலியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை நேரம் தாக்குப்பிடிப்பாள்? கண் அசந்தால் போயிற்று. நான் சொன்னால் காதில் வாங்க மாட்டாள். நீங்கள் போய்ச் சொல்லுங்கள் சார், அந்த மெஷினால் ஒரு ஆபத்தும் வராது என்று. நம்பாவிட்டால், நானே சோதித்துப் பார்த்தது என்று சொல்லுங்கள்.