மூச்சை விடச் சொல்ல மறந்தவள்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, ஐயம் தீர்த்து அறிவு தந்த ஆசிரியப் பெருமக்களே, பெற்ற பெருமிதத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு ஸ்கேன் படித்த தோழர் தோழியரே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

இருட்டிய அறை; இதமான நீல ஒளி. காதுக்குக் கேட்காத ஒலி உடலுக்குள் போகிறது. கண்ணுக்குத் தெரியும் உருவமாய்த் திரும்பி வருகிறது. கல்வி என்பதா இதை, கனவு என்பதா? நான் கனவென்றே கிடந்தேன். படத்தில் சொக்கிப்போய் நேரத்தைக் கோட்டைவிட்டு, இறுதித் தேர்வில் இருமுறை தோற்றேன். அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் இப்போது சிரிப்புத்தான் வருகிறது.

மூன்றாம் முறையும் தவறினால் படிப்பே போயிற்று. தேர்வில் ஸ்கேன் எடுத்துக் காட்ட, நோயாளியாய்ப் படுக்க வீட்டிலிருந்து ஒருவரை நாமே அழைத்துவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கணவருக்கு விடுப்பில்லை. வந்தவர் என் மாமியார். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா படிப்பு" என்று ஒரு வருடமாக முகங்கொடுத்துப் பேசாதவர், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பருகாமல் வந்து படுத்தார்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கங்க அத்தை" என்றேன். விலா எலும்புக்குப் பின்னாலிருந்து கல்லீரல் மெல்ல இறங்கியது. அதன் மடியில் பித்தப்பை, காற்றில்லாத நாளின் சின்னக் குளம்போல. அலையில்லை, கல்லில்லை. பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். "விடுங்க" என்று சொல்ல மறந்தே போனேன்.

படம் நடுங்கியது. அப்போதுதான் திரும்பினேன். அத்தையின் முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்திருந்தது. "விடுங்க அத்தை, விடுங்க. ஏன் இவ்வளவு நேரம் பிடிச்சிருந்தீங்க?" என்று பதறினேன்.

இரைக்க இரைக்கச் சொன்னார்: "நான் விட்டா உன் படம் கலைஞ்சிடுமேம்மா. இந்தத் தடவையும் நீ தோத்துட்டா என்ன பண்றது?"

தேர்வாளர் பேனாவை மூடினார். "படம் பிரமாதம். ஆனா படுத்திருக்கிறவங்களை நீங்க பாக்கவே இல்ல. எப்படி உங்களைத் தேர்ச்சின்னு சொல்றது?" என்றார். அத்தை எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தடவை பிடிக்கிறேன் சார். இப்ப சொல்லிடுவா" என்றார். தேர்வில் ஆறு நிமிடம் மீதமிருந்தது, தேர்வாளர் சரியென்று தலையசைத்தார்.

ஒரு கண் திரையில், ஒரு கண் அத்தையின் முகத்தில். பிடிங்க என்றேன், விடுங்க என்றேன். தேறினேன்.

பயிற்சிக்கு வந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே, எந்திரத்தை எவரும் வாங்கலாம். முன்பின் தெரியாத ஒருவர், நம் ஒற்றைச் சொல்லை நம்பித் தன் உயிர்மூச்சை நிறுத்தி வைக்கிறாரே, அந்த நம்பிக்கையை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? திரை எத்தனை அழகு காட்டினாலும், மூச்சைப் பிடித்திருப்பவரை மறவாதீர்கள்.

கேட்ட செவிகளுக்கும் வாழ்த்திய நெஞ்சங்களுக்கும் நன்றி, வணக்கம். அதோ முதல் வரிசையில், நான் எங்கே பேச்சை மறந்துவிடுவேனோ என்று இன்றும் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முடிஞ்சுது அத்தை. மூச்சை விடுங்க.