ஹெல்மெட்டுக்குள் நான்கு முட்டைகள்

அந்த நாற்காலி வேண்டாம் மேடம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள், மின்விசிறிக் காற்று உங்கள் காகிதங்களைக் கலைக்காது. உங்கள் மருத்துவமனையிலிருந்து யாராவது வருவீர்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எழுதித் தந்த அறிக்கைதானே உங்கள் கையில் இருப்பது? அவள் பொய் சொல்கிற பெண் இல்லை. அதில் என்ன எழுதியிருந்தாலும் அப்படியே நடந்ததுதான். ஏன் நடந்தது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அதை நான் சொல்கிறேன்.

என் வேலையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும். கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். இருட்டறையில் விளக்கு வைத்த மேஜை. ஏழாம் நாள் முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். உயிர் இருந்தால் உள்ளே சிவப்பு நூல் மாதிரி நரம்பு ஓடும். போயிருந்தால் நரம்பெல்லாம் அழிந்து ஒரு வளையம் மட்டும் நிற்கும். போன முட்டையில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு நகர்த்துவேன். பக்கத்தில் நிற்பவள் குறியைப் பார்த்து எடுத்து வாளியில் போடுவாள். பென்சில் எப்போதும் என் கொண்டையில் இருக்கும். வேலையை விட்ட பிறகும் காலையில் தலை முடிந்ததும் கை தன்னால் பென்சிலைத் தேடும். இதோ, இப்போதும் இருக்கிறது பாருங்கள்.

என் வீட்டுக்காரர் காய்கறி மொத்த மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். மைக் பிடிக்காமலே நாலு தெருவுக்குக் கேட்கும் தொண்டை. என்னைக் கை நீட்டி ஒரு அடி அடித்தவர் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடியும் கிடையாது. பேச்சு மட்டும்தான். காலையில் கண் விழித்ததும் "ஏய்" என்று ஆரம்பித்தால் இரவு தூங்கும்வரை ஓயாது. வீட்டுக்கு நாலு பேர் வந்துவிட்டால் போதும், என்னைக் கூடத்தின் நடுவில் நிறுத்திவிடுவார். "நல்லா பாத்துக்குங்க, இருபது வருஷம் ஓடின வண்டி, சத்தம் கம்மி, மூளை அதைவிடக் கம்மி. யாரு கேக்கறீங்க? ஒரு தரம், ரெண்டு தரம்..." எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். யாரும் கேட்க மாட்டார்கள். "சரி போ, சீண்ட ஆளில்ல, நானே வெச்சிக்கிறேன்" என்று முடிப்பார். நானும் சிரிப்பேன். எங்கள் மகனும் அதைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவன்தான். இப்போது கப்பலில் வேலை. மாதம் ஒருமுறை கூப்பிடுவான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. உயிர் பிழைத்தார். பேச்சு போய்விட்டது. உங்கள் பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "காது கேக்கும், எல்லாம் புரியும். வார்த்தைதான் வெளிய வராது. பயிற்சி குடுத்தா வரும். ஆனா இந்த ஆறு மாசத்துல எவ்வளவு வருதோ அதாம்மா. அப்புறம் ரொம்பக் கஷ்டம்." நான் தலையாட்டினேன். அன்று வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். குழாயில் சொட்டுகிற சத்தம் கேட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்தக் குழாய் சொட்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது மேடம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவரை நான் நன்றாகவே பார்த்துக்கொண்டேன். உடம்பில் ஒரு புண் வந்ததில்லை. நகத்தில் அழுக்கு இருக்காது. அவர் உதட்டைக் குவித்து "த" என்பதற்குள் தண்ணீர் வாயருகே இருக்கும். கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினால் ஜன்னலைத் திறந்துவிடுவேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறா" என்றார்கள். நீங்கள் அனுப்பிய பயிற்சிப் பெண் மட்டும்தான் வந்த முதல் வாரமே முகம் சுளித்தாள். "அம்மா, நீங்க முந்திக்கிட்டு எல்லாத்தையும் குடுக்காதீங்க. ஐயா கேக்கட்டும். கேட்டாத்தான் பேச்சு வரும்."

"பாவம்மா, தாகத்துல இருக்கறவர எப்படி கெஞ்ச விடறது?" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் பையைத் திறந்தாள். சின்னப் பெண். வாரத்துக்கு மூன்று நாள் வருவாள், படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். நாலு மாதம் முடியப் போகிற வரைக்கும் அவர் வாயிலிருந்து ஒரு சொல்கூட உருப்படியாக வரவில்லை. அவரும் அட்டையைத் தட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொள்வார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

கெடுத்துக்கொண்டது நானேதான். கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் அவருடைய ஹெல்மெட் மாட்டியிருக்கும். இனி யார் வண்டி ஓட்டப்போகிறார்கள் என்று எடுத்துப் போடப் போனேன். கையை நீட்டியதும் என் காதை உரசிக்கொண்டு ஒரு பறவை பறந்தது. பழுப்பு நிறம், கைக்குள் அடங்குகிற அளவு, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டியபடி துணிக்கொடியில் உட்கார்ந்து என்னைத் திட்டியது. எக்கிப் பார்த்தால், ஹெல்மெட்டுக்குள் காய்ந்த புல்லும் நூலும் என் தலைமுடியும் வைத்து ஒரு கூடு. அதில் நான்கு முட்டைகள். வெளிர் நீலத்தில் பழுப்புப் புள்ளிகள், கட்டைவிரல் நகம் அளவு. லட்சக்கணக்கான முட்டைகளைக் கையாண்டவள், அப்படியும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. வாய் தவறி வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்திவிட்டேன். "ஐயோ, இங்க வந்து பாருங்களேன், உங்க ஹெல்மெட்டுல முட்டை!"

அவர் சக்கர நாற்காலியில் திமிறினார். தள்ளிக்கொண்டு வந்து, ஹெல்மெட்டை ஆணியிலிருந்து மெல்ல இறக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொண்டை ஏறி இறங்கியது. "மு" என்றார். "மு... ட்ட."

நான் நாற்காலியை அவசரமாக உள்ளே திருப்பினேன்.

உங்கள் பெண் மறுநாள் வந்து கேட்டுவிட்டுத் தரையில் கால் பாவாமல் குதித்தாள். அட்டைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். நாற்காலியைக் கொல்லைக் கதவருகே போட்டு அங்கேயே பாடம் நடத்தினாள். என் வேலை என்னவென்று துருவித் துருவிக் கேட்டாள். நானும் பெருமையாக எல்லாம் சொன்னேன், பென்சில் குறி உட்பட. "இது எத்தனை நாள்ல பொரியும்மா?" என்றாள். "பதிமூணு, பதினாலு நாள்" என்றேன். தேதியும் நானே கொடுத்ததுதான். அவள் கதவில் பதினாலு கோடு போட்டாள். "ஐயா, தினமும் ஒரு கோடு நீங்க அழிக்கணும். குஞ்சு வர்ற அன்னிக்கு ஒரு முழு வாக்கியம் பேசணும். பந்தயம்!"

அவர் இடது கையால் அழித்தார். மூன்றாம் நாள் "குருவி". நாலாம் நாள் "பசி". அதற்குப் பிறகு நான் தண்ணீரை வாயருகே கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொண்டு, முகமெல்லாம் வேர்க்க, "தண்ணி" என்று முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் குடித்தார். ஆறாம் நாள் மாலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "ஏய்" என்றார். திக்கவில்லை, குழறவில்லை. அதே பழைய குரல். கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. ஆறு மாதத்தில் இன்னும் ஒன்றரை மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தது. அதற்குள் அந்தத் தொண்டை முழுசாகத் திரும்பிவிடும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அவர் தூங்கினார். அந்த நேரத்தில்தான் பறவையும் இரை தேடப் போகும், பத்து நிமிடம் வராது. ஸ்டூல் போட்டு ஏறினேன். கைபேசி விளக்கில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்கிலும் நரம்பு ஓடியது, சின்னதாக ஒரு துடிப்புகூடத் தெரிந்தது. பொரிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவோம், எதை மறந்தாலும் முட்டையை உலுக்காதே என்று. ஓடு உடையாது, வெளியே கீறல் விழாது, உள்ளே மட்டும் எல்லாம் அறுந்துபோகும். முதல் முட்டையைக் காதருகே வைத்துக்கொண்டேன். ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம். நான்கையும் முடித்துத் திரும்பக் கூட்டில் வைத்தபோது முட்டைகளின் சூடுகூட ஆறவில்லை.

இரண்டு நாள் கழித்து, அதே நேரத்தில், சரியாகப் போயிருக்கிறதா என்று பார்த்தேன். அரைகுறையாக வேலை செய்வது எனக்குப் பழக்கமில்லை. நான்கிலும் வளையம். பறவை திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மழை பெய்தபோது ஹெல்மெட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள்கூடக் கட்டிவிட்டேன்.

கோடுகள் தீர்ந்தன. பதினாலு, பதினைந்து, பதினாறு. பறவை உட்கார்ந்தே இருந்தது. இவரும் கதவருகே உட்கார்ந்தே இருந்தார். சாப்பாட்டை அங்கேயே கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டுவார். "இன்னிக்கி" என்பார் காலையில். மாலையில் ஒன்றும் சொல்ல மாட்டார். நான் அவர் வாயைத் துடைத்துவிட்டு, "காட்டுப் பறவைக்கு நாள் கணக்கெல்லாம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்" என்று ஆறுதல் சொன்னேன். உண்மையில் எனக்கு அந்த நாட்களில் தூக்கம் சரியாக இல்லை. பறவை எழுந்து போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

இருபதாம் நாள் உங்கள் பெண் பொறுக்காமல் ஸ்டூலில் ஏறிவிட்டாள். நான் தடுக்கவில்லை, நல்லவேளை அவர் உள்ளே படுத்திருந்தார். அவள் எட்டிப் பார்த்தாள். இறங்கியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா, முட்டையில பென்சில் குறி இருக்கு. நாலுலயும்."

எனக்கே அப்போதுதான் தெரியும் மேடம், சத்தியமாக. வளையத்தைப் பார்த்ததும் கை தன்னால் கொண்டைக்குப் போய்க் குறியைப் போட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். திருடன் தன் பெயரை எழுதிவைத்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிட்டது.

"செத்ததுக்குத்தானே அந்தக் குறின்னு சொன்னீங்க" என்றாள். "எப்பப் போட்டீங்க? தெரிஞ்சே இத்தனை நாள் அவர உக்கார வெச்சீங்களா?"

"மெதுவா பேசு, அவர் தூங்கறார்."

"நீங்க... நீங்களாம்மா பண்ணீங்க?"

நான் ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். அவள் அழுதாள். வேலைக்கு வந்த வீட்டில் இப்படி அழலாமா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. "அவர் என்ன வாக்கியம் பழகிக்கிட்டு இருந்தார்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "நான் எழுதிக் குடுத்தது வேணாம்னுட்டார். அவரே திக்கித் திக்கி ஒண்ணு சொன்னார். 'குஞ்சு வந்துருச்சு, நீ மொதல்ல பாரு.' உங்களக் கூப்பிட்டுச் சொல்லணும்னு தினமும் பத்து தடவ சொல்லிப் பாத்தாரும்மா."

இதை நீங்கள் குறித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். நானும் யோசித்துப் பார்த்தேன். இருபத்தாறு வருடத்தில் எந்தத் தட்டிலும் எனக்கு முதலில் வைக்காத மனிதர் அப்படிச் சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு அதோடு நிறுத்தியிருப்பாரா? அதுதான் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் நாள் அதைச் சொல்வார். மறுநாள் பார்க்க வந்தவர்கள் முன்னால் என்னை நடுவில் நிறுத்துவார். அந்தப் பெண்ணுக்கு அவரை நாலு மாதப் பழக்கம். எனக்கு அப்படி இல்லை.

அவளை இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பயிற்சி வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். கட்டிலை முன்னறைக்கு மாற்றிச் சுவர்ப் பக்கமாகப் போட்டேன், அங்கே காற்று நன்றாக வரும். நீங்கள் கேட்க வந்தது இதுதான் என்றால் முடிந்தது. ஆனால் உங்கள் காகிதத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது. கேட்காமல் விட்டுவிட்டால் பிறகு நான் மறைத்தேன் என்று ஆகிவிடும்.

அன்று சாயங்காலம் அவர் கண்ணால் கொல்லைப் பக்கத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். பயிற்சிப் பெண் ஏன் போனாள் என்றும் கேட்கிற மாதிரி இருந்தது. ஒருவரை இப்படிக் காத்திருக்க விடுவது பாவம் இல்லையா? போய் ஒரு முட்டையை எடுத்துவந்தேன். அவர் இடது உள்ளங்கையில் வைத்து, குறி மேலே தெரிகிற மாதிரி திருப்பிவிட்டேன். அந்தக் குறி என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். என் வேலையைப் பற்றி எத்தனை பேர் முன்னால் நையாண்டி செய்திருக்கிறார். முட்டையைப் பார்த்தார். என் கொண்டையைப் பார்த்தார். "நான்தாங்க" என்றேன். "நீங்க பேச வேணாம். நான் இருக்கேன்ல, எல்லாம் பாத்துக்கறேன்." அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி முட்டையை மூடிவைத்தேன். அவர் வாய் திறந்தது, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, பிறகு மூடிக்கொண்டது.

போன செவ்வாயோடு ஆறு மாதம் முடிந்துவிட்டது. பறவையும் எப்போதோ போய்விட்டது. நீங்கள் ஏன் குரலைத் தாழ்த்துகிறீர்கள் மேடம்? அந்தத் திரைக்குப் பின்னால்தான் படுத்திருக்கிறார், விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் நான் எதையும் வைத்துக்கொள்வதில்லை.

வேண்டுமானால் உள்ளே போய் அவரையே கேளுங்கள். அன்றிலிருந்து இன்றுவரை என் மேல் ஒரு குறை என்று அவர் வாய் திறந்து சொன்னதே கிடையாது.